படூரில் கொசுப்புழு தேடக் கிளம்புகிறவர்களுக்கு

கொசுப்புழு ஒழிப்பு வேலைக்குச் சேரும் முதல் நாள் உங்கள் கையில் ஒரு டார்ச், ஒரு கரண்டி, வெள்ளைக் கிண்ணம், அபேட் மருந்து, சுவரில் தேதி எழுதச் சாக்பீஸ் எல்லாம் வந்துவிடும். வேலை மட்டும் வராது. அது நடந்து நடந்துதான் வரும். பொது சுகாதாரத் துறையில் பூச்சி சேகரிப்பாளனாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இப்போது விலங்கியல் படிக்கிற பிள்ளைகளும் உங்களோடு சுற்ற வருகிறார்கள். எல்லோரிடமும் முதலில் மஞ்சள் காய்ச்சலைப் பற்றித்தான் பேசுவேன். "அது நம்ம நாட்டுலயே இல்லையே ஐயா" என்பார்கள். வாஸ்தவம். ஆனால் நம் தெருவில் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டு திரிகிற கொசு காட்டிலிருந்து வந்தது. அதன் குணங்களை உலகம் கற்றுக்கொண்டது மஞ்சள் காய்ச்சலைத் துரத்திப் போனபோது. அந்தக் கதை தெரிந்தவர் எங்கே தேடவேண்டும் என்று அறிவார். தெரியாதவர் குடத்தைக் கவிழ்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

1. தண்ணீரைப் பார்க்குமுன் சுவரைப் பாருங்கள்.

நான் சொன்ன அந்தக் கொசுவின் பெயர் ஏடிஸ். அது தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் ஊறிய சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். இடும்போது வெள்ளை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கறுத்துவிடும். நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், சாய்த்து அடியுங்கள். நீல டிரம்மின் உட்புறத்தில் மிளகுப்பொடி தூவியதுபோல் ஒரு வளையம் தெரியும். அதுதான்.

இந்தப் பழக்கம் மரப்பொந்தில் வாழ்ந்த காலத்தது. பொந்துத் தண்ணீர் வற்றும், மழை பெய்தால் ஏறும். முட்டை சுவரில் காய்ந்து மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். எல்லாம் ஒரே தடவையில் பொரிப்பதும் இல்லை. முதல் நனைப்பில் கொஞ்சம், அடுத்த நனைப்பில் கொஞ்சம். தென் அமெரிக்கக் காடுகளின் ஹெமகோகஸ் கொசு இதில் கெட்டிக்காரி; அதன் முட்டைகளில் பல, திரும்பத் திரும்ப நனைந்து காய்ந்த பிறகே பொரிக்கும். ஒரு மழையை நம்பி மொத்தக் குடும்பமும் ஏமாந்து போகக்கூடாது என்கிற ஏற்பாடு.

ஆகவே டிரம்மைக் கவிழ்ப்பது பாதி வேலை. தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். கழுவின தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வெயில் படும் மண்ணில் கொட்டச் சொல்லுங்கள்.

2. தண்ணீர்ப் பஞ்சம் இருக்கிற இடத்தில் கூடுதலாகத் தேடுங்கள்.

மழைக்காலம்தான் கொசுக்காலம் என்று நினைப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கும். ஏடிஸ் வகைகளில் நம் வீட்டுக்குள் வாழும் ஏடிஸ் எஜிப்டியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அங்கே சில காடுகளில் இன்றைக்கும் அதன் கறுத்த உறவு மரப்பொந்தில் வாழ்ந்துகொண்டு பெரும்பாலும் விலங்குகளைக் கடித்துத்தான் பிழைக்கிறது. மனிதனைத் தேடிக் கடிக்கிற குணம் எந்த ஊர்க் கொசுக்களிடம் அதிகம் என்று ஆப்பிரிக்கா முழுதும் சேகரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020-இல் வந்தது. மழையில்லாத மாதங்கள் நீண்ட, கடுமையான ஊர்களில்தான் அந்தக் குணம் ஓங்கியிருந்தது. பொந்தெல்லாம் வறண்டபோது தண்ணீர் மிஞ்சியிருந்தது மனிதன் சேமித்த பானையில் மட்டும். பானைக்கு வந்த கொசு பானைக்காரனிடம் ஒட்டிக்கொண்டது.

பிறகு கப்பல். அடிமை வியாபாரக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் அது அட்லாண்டிக்கைத் தாண்டியது. 1648-இல் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் மஞ்சள் காய்ச்சல் வெடித்தது. நம் ஆசியக் கரைக்கு இந்தக் கொசு வந்து சேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் என்று மரபணு ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

இப்போது சென்னைக்குத் தெற்கே நம் பழைய மகாபலிபுரம் சாலையைப் பாருங்கள். படூர், கேளம்பாக்கம், தாழம்பூர், சிறுசேரி என்று எழும்புகிற கட்டடங்களில் பல டேங்கர் லாரியை நம்பி நிற்கின்றன. சித்திரை வெயிலிலும் சம்ப் நிறைந்திருக்கும், கட்டடத் தொழிலாளர் கொட்டகை வாசலில் டிரம் வரிசை கட்டியிருக்கும். கொசுவை மனிதனிடம் இழுத்தது எதுவோ, அதையே நாம் இங்கே லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்குகிறோம். ஏரி வற்றினால் கொசு ஒழியும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஏரியில் இந்தக் கொசு எப்போதும் இருந்ததில்லை.

3. அண்ணாந்து பார்க்கப் பழகுங்கள்.

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1900-இல் கியூபாவில் வால்டர் ரீட் குழு, ஏடிஸ் எஜிப்டிதான் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிறது என்று நிரூபித்தது. கார்லோஸ் ஃபின்லே என்ற கியூப மருத்துவர் 1881-லேயே அதைச் சொல்லியிருந்தார், கேட்க ஆளில்லை. அதன்பின் நகரங்களில் தொட்டி தொட்டியாகக் கொசுவை அழித்தார்கள். நோய் அடங்கியது. ஒழித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். 1932-இல் பிரேசிலின் ஒரு கிராமப் பள்ளத்தாக்கில் ஏடிஸ் எஜிப்டி ஒன்றுகூட இல்லாத இடத்தில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. காட்டோரம் வேலை செய்கிற ஆண்கள்தான் அதிகம் விழுந்தார்கள். காட்டுக்குள் நடந்து பார்த்தால் சந்தேகப்படும்படி கொசு ஏதும் கடிக்கவில்லை. பெரிய புதிர்.

1930-களின் இறுதியில் கொலம்பியாவில் ஹோர்ஹே போஷெல் என்கிற மருத்துவர் மரம் வெட்டுகிறவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய மரம் சாய்ந்ததும், நீலமாக மினுங்குகிற சின்னக் கொசுக்கள் மரம் வெட்டிகளைச் சூழ்ந்துகொண்டன. ஹெமகோகஸ். அவை தரையில் வாழ்வதில்லை. மர உச்சியில் குரங்குகளைக் கடித்து, உச்சிப் பொந்துகளில் முட்டையிட்டு, பட்டப்பகலில் மேலேயே காலம் கழிப்பவை. மரம் விழுந்தால் அவையும் இறங்கிவிடும். குரங்கின் நோய் கோடரிக்காரனுக்கு வந்த வழி அதுதான்.

1940-களில் உகாண்டாவில் அலெக்சாண்டர் ஹாடோ என்ற பூச்சியியலாளர் மரங்களில் மேடை கட்டி, ஒவ்வொரு உயரத்திலும் ஆட்களை உட்காரவைத்து, இரவும் பகலுமாகக் கொசு பிடிக்கவைத்தார். ஏடிஸ் ஆப்ரிக்கானஸ் உச்சியில், சூரியன் மறைந்த சற்று நேரத்தில்தான் கூட்டமாகக் கடிக்க வந்தது. குரங்குகள் உறங்க ஒதுங்குகிற நேரம். அப்படியானால் மனிதனுக்கு நோய் எப்படி வந்தது? அந்தக் குரங்குகள் பகலில் வாழைத்தோட்டத்துக்குத் திருட வந்தன. வாழை மட்டையின் இடுக்கிலும் சேப்பங்கிழங்குச் செடியின் தண்டு இடுக்கிலும் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் சிம்சோனி என்கிற வேறொரு கொசு வாழ்ந்தது. அது குரங்கையும் கடித்தது, தோட்டக்காரனையும் கடித்தது. உச்சியில் ஒரு கொசு, தோட்டத்தில் ஒரு கொசு, ஊருக்குள் மூன்றாவதாக எஜிப்டி. ஒரே வைரஸ் மூன்று கை மாறிப் படி இறங்கியது. (ஜிகா வைரஸை 1947-இல் கண்டதும் இதே ஆட்கள்தான். மஞ்சள் காய்ச்சலுக்காக ஜிகா காட்டில் கூண்டில் வைத்த குரங்கிடமிருந்து கிடைத்தது.)

படூரில் உங்களுக்கு இதனால் என்ன? கொசுவுக்கும் மாடிக்கணக்கு உண்டு என்பது. தரைத்தளத்துத் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மொட்டை மாடியில் மூடியில்லாத டேங்க், பந்தல்கால் மூங்கிலின் வெட்டுமுனை, வெளியே தொங்கும் ஏசிக்குக் கீழே வைத்த வாளி, லிஃப்ட் ஏறுகிற குழி, பாதியில் நின்ற கட்டடத்தின் நான்காம் தளத்தில் கான்கிரீட்டுக்குத் தேக்கிய தண்ணீர் என்று எல்லாவற்றிலும் ஏறி இறங்க வேண்டும். கோயில் பக்கத்து வேம்பும் புளியும் பழைய மரங்கள். கிளை முறிந்த இடத்தில் பொந்து விழுந்திருக்கும். ஏணி வையுங்கள்.

4. பொந்தை அடைப்பதற்கு முன் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கிளியும் மைனாவும் ஆந்தையும் இருக்கும் பொந்தைத் தொடக்கூடாது. தண்ணீர் நிற்கிற பொந்தில் சிமென்ட் அடைக்காதீர்கள். உள்ளே மரம் உளுத்துவிடும். மணல் போட்டு நிரப்பினால் போதும்.

உறிஞ்சு குழாயில் எடுத்த தண்ணீரில் மற்றப் புழுக்களைவிடப் பலமடங்கு பெரிய, தடித்த, செங்கறுப்புப் புழு ஒன்று கிடைத்தால் அதைக் கொல்லாதீர்கள். அது யானைக்கொசுவின் புழு. யானைக்கால் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வளர்ந்த யானைக்கொசு இரத்தம் குடிப்பதே இல்லை, தேன்தான். புழுவாக இருக்கையில் மற்றக் கொசுப்புழுக்களைத் தின்னும். அதை வாழவிடுங்கள்.

5. வாசலுக்கு வெளியே கொசு மாறும், கவனியுங்கள்.

வீட்டுக்குள், கட்டிலுக்கடியில், தொங்கவிட்ட சட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது எஜிப்டி: முதுகின் இரு ஓரமும் வளைந்த வெள்ளைக் கோடு, நடுவில் மெல்லிய இரண்டு கோடு. செடிப்புதரில் இருந்து கிளம்பி வந்து கணுக்காலைக் கடிப்பது புலிக்கொசு, அல்போபிக்டஸ்: முதுகின் நடுவே நேராக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. இது வந்தேறி இல்லை, நம் ஆசியக் காட்டின் சொந்தப் பிள்ளை. மரப்பொந்தும் மூங்கிலும் அதன் பழைய வீடு. டயரும் தேங்காய்ச் சிரட்டையும் புது வீடு. இரண்டையும் கலந்து "ஏடிஸ்" என்று ஒரே வரியில் எழுதுகிற நோட்டு பாதி உபயோகம்தான். எஜிப்டி நூறு இருநூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. கடித்தது அதுவென்றால் அது பிறந்த பாத்திரம் அந்தத் தெருவிலேயே இருக்கிறது. (பிரேசிலில் குறியிட்டு விட்ட ஹெமகோகஸைப் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். அப்படி ஒன்று நமக்கு இல்லாதது புண்ணியம்.)

6. மழை விட்ட வாரம் ஒருநாள் பாறைக்குப் போங்கள்.

மாமல்லபுரமும் திருக்கழுக்குன்றமும் நம் மாவட்டத்துப் பாறை. பாறையின் மேல் இயற்கையாக விழுந்த குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கும். அப்படிப்பட்ட குழியை விரும்பும் கொசு ஏடிஸ் விட்டேட்டஸ்: முதுகில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், காலில் வளையம். வெயிலில் தண்ணீர் வற்றுமுன் வளர்ந்து பறந்துவிட வேண்டும் என்பதால் வேகமாக வளரும். இந்தியாவிலும் உண்டு, ஆப்பிரிக்காவிலும் உண்டு. 1940-இல் சூடானின் நூபா மலைப்பகுதியில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே முக்கியக் குற்றவாளியாகச் சந்தேகிக்கப்பட்டது இதுதான். நாம் சாதுவாக நினைக்கிற பாறைக்கொசுவுக்கு இன்னொரு கண்டத்தில் அப்படியொரு பெயர்.

புராதனச் சின்னத்தின் மேல் மருந்து ஊற்றுவதோ குழியைக் கொத்துவதோ கூடாது. மாமல்லபுரம் 1984-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, தொல்லியல் துறை அனுமதியில்லாமல் எதுவும் செய்ய முடியாது. ஊருக்குள்ளும் வயல் நடுவிலும் கேட்பாரற்ற பாறை எத்தனையோ உண்டு, அங்கே பழகுங்கள். ரப்பர் குமிழ் வைத்த குழாயும் ஒரு பஞ்சும் போதும்.

7. இலைக்கக்கத்தை மறக்காதீர்கள்.

வாழை, சேம்பு, தாழை. புது அபார்ட்மென்ட்டுகளில் வைக்கிற தென் அமெரிக்க அன்னாசி வகை அழகுச்செடியும் அதே ஜாதிதான், நடுக்குருத்தில் தண்ணீர் பிடிக்கும். செடியை வெட்டச் சொல்லி வம்பு வளர்க்கவேண்டாம். குழாயால் பீய்ச்சிக் கழுவினால் முடிந்தது.

8. குரங்கு செத்தால் குரங்கைத் திட்டாதீர்கள்.

1957-இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பக்கத்துக் கிராமத்து மக்களுக்கும் காய்ச்சல். புனே வைரஸ் ஆய்வு நிலையத்துக்குச் சேதி போனது. அங்கிருந்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. காடு, குரங்கு, காய்ச்சல் என்று மூன்றும் சேர்ந்தால் நினைவுக்கு வருவது மஞ்சள் காய்ச்சல். ஆசியாவுக்குள் அது வந்தேவிட்டதா? ஆராய்ந்தபோது, மஞ்சள் காய்ச்சலின் தூரத்து உறவான வேறொரு வைரஸ் என்று தெரிந்தது. பரப்பியது கொசுவே இல்லை, காட்டு உண்ணி. கியாசனூர் காட்டுக்காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள், ஜனங்கள் குரங்குக் காய்ச்சல் என்பார்கள்.

கொலம்பியாவில் மரம் விழுந்தபோது நீலக்கொசுவைக் கண்ட அதே போஷெல் பிற்பாடு இந்தியா வந்து இந்த உண்ணிகளின் பின்னால் அலைந்தார். அந்தக் காட்டில் வேலை பழகிய பி.கே. ராஜகோபாலன் பின்னாளில் நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியில், 1975-இல் தொடங்கிய கொசு முதலிய நோய்ப்பரப்பிகளுக்கான ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராகப் பல வருஷம் இருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் ஏறினால் அங்கே போய் நிற்கலாம். காட்டில் கற்ற வித்தை ஊருக்குள் வந்த வழி அது.

பிரேசிலில் 2016-க்குப் பின் வந்த பெரிய மஞ்சள் காய்ச்சல் பரவலில், நோயைக் குரங்குதான் பரப்புகிறது என்று நம்பிச் சிலர் குரங்குகளை அடித்துக் கொன்றார்கள். உண்மையில் ஊளைக்குரங்கு செத்து விழுவதுதான் சுகாதாரத் துறைக்குக் கிடைக்கும் முதல் தந்தி. வண்டலூர்ப் பக்கமோ திருக்கழுக்குன்றம் மலையிலோ காரணம் தெரியாமல் குரங்கு செத்துக்கிடந்தால் தொடாதீர்கள், புதைக்காதீர்கள். வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள்.

9. "மஞ்சள் காய்ச்சல் இங்கே வருமா?" என்று கேட்பார்கள். பயமுறுத்தாமல் பதில் சொல்லுங்கள்.

பரப்பும் கொசு இருக்கிறது. தடுப்பூசி போடாத மக்கள் இருக்கிறார்கள். நம் குரங்குகளும் அதற்குத் தாங்காது: 1927-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அசிபி என்கிற நோயாளியின் இரத்தத்தை இந்தியச் செம்முகக் குரங்குக்கு ஏற்றியபோதுதான் வைரஸ் முதல்முறை பிடிபட்டது, அந்த ஆய்வைச் செய்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே வருஷம் அதே நோயில் இறந்தார். அந்த அசிபி வைரஸைப் பலவீனப்படுத்தித்தான் மாக்ஸ் தெய்லர் தடுப்பூசி செய்தார், 1951-இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனாலும் இந்தியாவில் இந்த நோய் பரவியதாகச் சரித்திரம் இல்லை. ஏன் என்பதற்கு ஒரே விடை கிடையாது. 2016-இல் அங்கோலாவிலிருந்து திரும்பிய சீனத் தொழிலாளர்கள் 11 பேருக்கு இருந்தது. ஆசிய மண்ணில் அது முதல்முறை. அங்கிருந்து மேற்கொண்டு பரவவில்லை.

சிறுசேரி கம்பெனிகளில் இருந்து ஆப்பிரிக்கா போகிறவர்கள் உங்கள் வீடுகளிலும் இருப்பார்கள். கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும், சான்றிதழ் 2016-இலிருந்து ஆயுளுக்கும் செல்லும் என்று சொல்லுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. சான்றிதழில்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து திரும்பினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் சுற்றி 400 மீட்டருக்கு ஏடிஸ் இல்லாமல் வைக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. அங்கேயும் உங்களைப்போல ஒருவர்தான் கரண்டியோடு நடந்துகொண்டிருக்கிறார்.

10. எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்று நீங்கள் எழுதுகிற வீட்டுக் குறியீடு 1923-இல் மஞ்சள் காய்ச்சல் வேலையில் பிறந்தது. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்கிற பிரெட்டோ குறியீட்டை 1954-இல் மேற்கு ஆப்பிரிக்காவில், அதே நோய்க்காக, பிரெட்டோ என்பவர் வகுத்தார். 5-க்குக் கீழே இருந்தால் மஞ்சள் காய்ச்சல் பரவாது, 50-ஐத் தாண்டினால் பெரிய ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு எல்லை போட்டது. டெங்குவுக்கு அவ்வளவு உறுதியான எல்லை இல்லை. குறைவான எண்ணைக் காட்டி யாராவது நிம்மதிப்பட்டால் நான் நம்புவதில்லை.

இந்தக் கணக்குக்குத் திறந்திருக்கும் வீடு மட்டும்தான் தெரியும். படூரில் பூட்டிக்கிடக்கிற ஃபிளாட் எத்தனை, சுற்றுச்சுவர் கட்டிப் போட்டுவிட்டு வெளிநாடு போனவர்களின் காலிமனை எத்தனை! பூட்டிய வீட்டைப் "புழு இல்லை" என்று எழுதாதீர்கள், "பூட்டு" என்று எழுதுங்கள். செக்யூரிட்டியிடம் சண்டை போட்டால் கதவு திறக்காது. குடியிருப்போர் சங்கச் செயலாளரின் அம்மாவைப் பிடியுங்கள். கிண்ணத்தில் நெளிகிற புழுவை அவர் கையில் கொடுத்து, "உங்க மாடி டேங்க்லதாம்மா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னால் போதும். மறுநாள் எல்லாத் தளமும் திறந்திருக்கும்.

11. எடுத்த புழுவுக்குச் சீட்டு எழுதுங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்புகிற குப்பியில் ஸ்பிரிட் இருக்கும், பேனா மை கரைந்துவிடும். பென்சிலால் எழுதி, சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள்: தேதி, தெரு, எந்தப் பாத்திரம் அல்லது எந்த மரம், தரையிலிருந்து எத்தனை அடி உயரம். உயரத்தை எழுதும் பழக்கம் நம் படிவத்தில் இல்லை. நீங்கள் எழுதுங்கள்.